படைமருத்துவர் எட்வர்டு பால்பர்

(மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு மாணவி ஒருவர் எழுதியது)

முன்னுரை

சென்ற ஆண்டு எங்கள் வரலாற்றுத் துறை மாணவ மாணவியர் சென்னைக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளையும் அமராவதிச் சிற்பங்களையும் கண்டு வியந்து நின்றபோது, உடன் வந்த பேராசிரியர் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். "இந்த அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் யார்?" ஒருவருக்கும் தெரியவில்லை. "யாராவது ஒரு வெள்ளைக்காரக் கவர்னராக இருக்கும், ஐயா" என்றான் ஒருவன். "கவர்னர் இல்லையப்பா, பட்டாளத்து டாக்டர்" என்றார் அவர்.

பிற்பகலில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் சென்றோம். குரங்குக் கூண்டின் முன்னால் நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தபோது பேராசிரியர் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டார். நாங்கள் விழித்தோம். "இதற்கும் வித்திட்டவர் அதே டாக்டர்தான்" என்றார். பேருந்து திரும்பி வரும் வழியெல்லாம் அந்த மனிதரின் நினைவாகவே இருந்தது. காய்ச்சலுக்கு மருந்து கொடுக்க வந்த ஒருவருக்கு அருங்காட்சியகம் எதற்கு? புலி எதற்கு? ஊர் திரும்பியதும் அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படிக்கப் படிக்க, அருங்காட்சியகத்தையும் புலியையும் விட எனக்கு நெருக்கமான வேறொரு செய்தி கிடைத்தது. அதை என் கல்லூரித் தோழியர்க்குச் சொல்ல வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் பெயர் எட்வர்டு கிரீன் பால்பர்.

படைமருத்துவர் என்பவர் யார்?

நான் வெம்பாக்கத்தைச் சேர்ந்தவள். எங்கள் ஆரணி வட்டாரத்தை இன்று பட்டுச் சேலைக்காக எல்லோரும் அறிவர். பதினெட்டாம் நூற்றாண்டில் இதே மண் படைகள் மோதிய மண். 1751-இல் கிளைவு ஆரணியில் போரிட்டார். 1782-இல் ஐதர் அலியின் படையும் கும்பினியின் படையும் ஆரணியருகே பொருதன. வேலூரிலும் இராணிப்பேட்டையிலும் பட்டாளங்கள் நெடுங்காலம் தங்கியிருந்தன. பட்டாளம் தங்கிய இடங்களிலெல்லாம் அதனோடு ஒரு மருத்துவரும் தங்கினார்.

கிழக்கிந்தியக் கும்பினியின் படையில் சேரும் இளம் மருத்துவர் முதலில் 'உதவி சர்ஜன்' எனப்படுவார். ஆண்டுகள் பல கழிந்தபின் 'சர்ஜன்' ஆவார். அதன்பின் பல மருத்துவமனைகளை மேற்பார்வையிடும் பதவிகள் உண்டு. ஏணியின் உச்சியில் இருப்பது மாகாணம் முழுவதற்குமான 'சர்ஜன் ஜெனரல்' பதவி. பட்டாளம் ஊர் மாறும்போதெல்லாம் மருத்துவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடன் செல்ல வேண்டும். காயத்துக்குக் கட்டுப் போடுவது அவருடைய வேலையில் சிறு பகுதியே. எத்தனை சிப்பாய்கள் படுத்தார்கள், எந்த நோயால் படுத்தார்கள், எத்தனை பேர் எழுந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்று கணக்கு எழுதி மேலிடத்துக்கு அனுப்புவதும் அவர் கடமை.

போர் எப்போதோ ஒருமுறை வரும். நோய் நாள்தோறும் வரும். ஆதலால் இம்மருத்துவர்களில் பலருக்கு மண், நீர், செடி, பறவை ஆகியவற்றை ஆராயும் பழக்கம் ஏற்பட்டது. தென்னிந்தியத் தாவரங்களைப் படத்துடன் நூலாக்கிய இராபர்ட் வைட், இந்தியப் பறவைகளைப் பற்றி எழுதிய ஜெர்டன், சென்னை மாகாணக் காட்டிலாகாவின் முதல் தலைவரான கிளெக்ஹார்ன் ஆகிய மூவருமே சென்னைப் படையின் மருத்துவர்கள். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று 1897-இல் செகந்தராபாத்தில் கண்டறிந்த ரொனால்டு ராஸும் 1881-இல் சென்னைப் பிரிவில் பணியேற்ற படைமருத்துவரே. இந்த வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் பால்பர்.

பிறப்பும் கல்வியும்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் மாண்ட்ரோஸ் என்னும் துறைமுக ஊரில் 1813-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள் பால்பர் பிறந்தார். தந்தையார் கும்பினியின் கடற்பணியில் கேப்டனாக இருந்தவர். தாய்மாமன் ஜோசப் ஹியூம், தாமும் இந்தியாவில் படைமருத்துவராக இருந்து, பாரசீக மொழி கற்று, பின்னர் இங்கிலாந்து திரும்பிப் பாராளுமன்ற உறுப்பினராகப் புகழ் பெற்றவர். தாய்மாமனைப் பார்த்து மருமகன் வளர்வது நம் ஊரில் மட்டும் காணும் வழக்கம் அன்று போலும்.

எடின்பரோவில் அறுவை மருத்துவம் பயின்று, 1833-இல் அங்குள்ள அறுவை மருத்துவர் கல்லூரியின் சான்று பெற்றார். அடுத்த ஆண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினார். வழியில் மொரீஷியஸ் தீவில் இறங்கியபோது அவர் கண்ட காட்சி வாழ்நாள் முழுதும் அவர் மனத்தில் நின்றது. கரும்பு பயிரிடுவதற்காக அத்தீவின் காடுகள் வெட்டி அழிக்கப்பட்டிருந்தன. காடு போனபின் நீரும் குறையும் என்ற பேச்சு அங்கு அப்போதே எழுந்திருந்தது. இருபத்தொரு வயது இளைஞரின் காதில் விழுந்த அந்தப் பேச்சு, பதினைந்து ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஒரு கட்டுரையாக வெளிவந்தது.

சென்னைப் படையின் மருத்துவத் துறையில் சேர்ந்த பால்பர், முதலில் சிப்பாய்களின் மொழியைக் கற்றார். இந்துஸ்தானியிலும் பாரசீகத்திலும் அவருக்கு நல்ல தேர்ச்சி உண்டாயிற்று. நோயாளி சொல்வது விளங்காவிட்டால் மருந்து எப்படிக் கொடுப்பது? மொழி கற்றது அவருடைய தொழிலுக்கு முதற்படி. பின்னாளில் அவர் செய்த பெரும்பணிகள் பலவற்றிற்கும் அதுவே அடிப்படை.

சாவுக்குக் கணக்கு எழுதியவர்

எல்லா மருத்துவர்களும் மாதக் கணக்கை எழுதி மேலே அனுப்பினார்கள். பால்பர் அக்கணக்குகளைத் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். எந்த முகாமில் சாவு அதிகம்? எந்த முகாமில் குறைவு? ஒரே படை ஓர் ஊரில் நலமாகவும் வேறோர் ஊரில் நோயுற்றும் இருப்பது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடி 1845-ஆம் ஆண்டளவில் கட்டுரைகள் வெளியிட்டார். இலண்டன் புள்ளியியல் சங்கத்தின் இதழிலும் அவர் எழுத்து இடம்பெற்றது. நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிட, நோய் குறைந்த இடமாகப் பார்த்து முகாம் அமைப்பதே அறிவுடைமை என்பது அவர் கண்ட முடிவு. 1849-இல் காலராவைப் பற்றியும் புள்ளிவிவர நூல் ஒன்றை எழுதினார்.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அக்காலத்தில் காலராவுக்கும் மலேரியாவுக்கும் காரணம் யாருக்கும் சரியாகத் தெரியாது. சதுப்பு நிலத்திலிருந்தும் அழுகலிலிருந்தும் எழும் கெட்ட காற்றே நோயைத் தருகிறது என்று மருத்துவர் பலர் நம்பினர். காலராக் கிருமியை ராபர்ட் காக் எகிப்திலும் கல்கத்தாவிலும் ஆராய்ந்து நிலைநாட்டியது 1883, 1884 ஆண்டுகளில்தான். எனவே பால்பரின் காலத்து விளக்கங்கள் பல இன்று நில்லா. ஆயினும் அவருடைய முறை நிற்கிறது. ஊர் ஊராகக் கணக்கெடு, ஒப்பிட்டுப் பார், எங்கே சாவு மிகுதி என்று கண்டுகொள் என்பதுதானே இன்றும் பொதுச் சுகாதாரத் துறையின் அடிப்படை? காரணம் தெரியாத நிலையிலும் கணக்கு வழிகாட்டும்.

நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து கவனிப்பவன் என்ற நான்கையும் கொண்டதே மருத்துவம் என்று வள்ளுவர் வகுத்தார். பட்டாளத்து மருத்துவர் அதனோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார் எனலாம். அது இடம்.

மரமும் மழையும்

இடத்தைப் பற்றிய ஆராய்ச்சி அவரை மரத்துக்குக் கொண்டு சென்றது. 1849-இல் சென்னை இலக்கியக் கழகத்தின் இதழில், ஒரு நாட்டின் தட்பவெப்பத்தின்மீது மரங்கள் செலுத்தும் ஆட்சியைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். காடு அழிந்தால் ஊற்று வற்றும், நீர் குறையும், வறட்சி வரும், வறட்சியின் பின்னால் பஞ்சமும் நோயும் வரும் என்பது அதன் சாரம். மரம் வளர்ப்பதும் மக்களைக் காக்கும் மருத்துவமே என்று ஒரு மருத்துவர் வாதாடியது அந்நாளில் புதுமை. 1856-இல் சென்னை மாகாணத்தில் காட்டிலாகா அமைந்தபோது அதன் தலைமையை மற்றொரு படைமருத்துவரான கிளெக்ஹார்ன் ஏற்றார். சுற்றுச்சூழல் பற்றிய சிந்தனையின் வரலாற்றை ஆராய்ந்த ரிச்சர்டு குரோவ் என்னும் அறிஞர், 1995-இல் வெளிவந்த தம் நூலில் இப்படைமருத்துவர்களுக்கு முக்கிய இடம் அளித்திருக்கிறார்.

மரம் வைத்த ஊருக்கு மறு ஆண்டே மழை கூடும் என்று இன்றைய அறிவியல் சொல்வதில்லை. பருவக்காற்று அதைவிடப் பெரிய ஆற்றல். ஆனால் இலைகள் வெளிவிடும் ஈரம் வானுக்குத் திரும்புகிறது என்பதும், வேர்கள் மண்ணைப் பிடித்து நீரை உள்ளே இறங்கச் செய்கின்றன என்பதும் ஐயமின்றி நிறுவப்பட்டவை. பால்பர் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். அவர் காட்டிய திசை தவறன்று.

இதை எங்கள் ஊரார்க்கு யாரும் வந்து கற்றுத் தர வேண்டியதில்லை. எங்கள் ஊரின் பெயரிலேயே வேம்பு ஒலிக்கிறது. எங்கள் வட்டத்திலுள்ள மாமண்டூர் ஏரி பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் காலத்தோடு தொடர்புடையது. சித்திரமேக தடாகம் என்பது அதன் பழம்பெயர். ஆற்றுநீர் ஆண்டு முழுதும் ஓடாத இந்நாட்டில் ஏரிதான் சோறு. விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிச் சரிசெய்யும்போது, மரநிழல் உள்ள தெருவுக்கும் இல்லாத தெருவுக்கும் உள்ள வேறுபாட்டை என் தந்தையார் ஒரு சொல்லில் சொல்லிவிடுவார். வெயில் ஏறினால் இழை தாங்காது, மனிதனும் தாங்கமாட்டான்.

கல்லும் புலியும்

சென்னை இலக்கியக் கழகம் சேர்த்து வைத்திருந்த கல், கனிமத் தொகுதியே அருங்காட்சியகத்தின் முதல் முதலீடு. 1851-இல் அரசு அருங்காட்சியகம் தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பு பால்பரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதலில் அது கல்லூரிச் சாலையிலிருந்த கட்டடத்தில் இயங்கியது; 1854-இல் இன்றுள்ள பாந்தியன் கட்டடத்துக்கு மாறிற்று. அவர் பொறுப்பிலிருந்த காலத்தில்தான் அமராவதிச் சிற்பங்கள் அருங்காட்சியகத்தில் இருந்தன. 1858-இல் டிரைப் என்னும் படையதிகாரி அவற்றைப் படம் பிடித்தார்.

கல்லை மட்டும் அடுக்கி வைத்தால் படித்தவர் நால்வர் வருவர்; பாமரர் வரமாட்டார் என்பதை பால்பர் அறிந்திருந்தார். அருங்காட்சியகத்தில் ஒரு புலியையும் ஒரு சிறுத்தையையும் உயிரோடு வைத்தபோது கூட்டம் திரண்டது. கர்நாடக நவாப்பிடம் இருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்றார். இவ்வாறு 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிரியல் காட்சிசாலை தோன்றியது. 1863-இல் அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றப்பட்டது. சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த 'மிருகக்காட்சிசாலை'யைப் பார்த்த கதையை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 1985-இல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக அது விரிந்தது. நாங்கள் சிரித்துக்கொண்டு நின்ற குரங்குக் கூண்டின் முன்கதை இதுதான்.

பட்டணத்தோடு அவர் நிற்கவில்லை. 1865-இல் பெங்களூரில் அருங்காட்சியகம் அமைத்ததிலும் அவர் பங்கு பெரிது. அதற்கு முன்பே, 1850-இல், திருவல்லிக்கேணியில் முகமதியர் பொது நூலகம் தோன்றத் துணைநின்றார். அரபு, பாரசீகம், உருது நூல்களுக்கு அது ஓர் உறைவிடமாயிற்று.

தனியொருவர் தொகுத்த களஞ்சியம்

சர்ஜன் வேலை, அருங்காட்சியக வேலை, நவாப் அரண்மனைத் தொடர்பான வேலை ஆகிய இத்தனைக்கும் நடுவில் பால்பர் 1857-இல் ஒரு கலைக்களஞ்சியத்தை வெளியிட்டார். இந்தியாவையும் கிழக்கு, தெற்கு ஆசிய நாடுகளையும் பற்றிய அந்நூலில் ஊர், மரம், விலங்கு, தொழில், வாணிகப் பொருள், சாதி, சமயம் எனப் பலவும் அகரவரிசையில் அமைந்தன. அதை அவர் விடாமல் திருத்திக்கொண்டே இருந்தார். ஓய்வுபெற்று இலண்டன் சென்றபின் 1885-இல் மூன்றாம் பதிப்பை மூன்று பெருந்தொகுதிகளாகக் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது எழுபதைக் கடந்திருந்தது.

நம் மொழியில் சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910-இல் வெளிவந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம் பெரியசாமித் தூரன் அவர்களின் ஆசிரியப் பொறுப்பில் பத்துத் தொகுதிகளாக 1954 முதல் 1968 வரை மலர்ந்தது. ஒரு சொல்லுக்குப் பொருள் தேட நூலகம் செல்லும் நாம், இத்தகைய தொகுப்பாளர்களின் உழைப்பை எண்ணிப் பார்ப்பதே இல்லை.

பெண்களுக்குத் திறந்த கதவு

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன்.

என் பாட்டி தம் தாயின் முகத்தைப் பார்த்ததில்லை. பாட்டியைப் பெற்றெடுத்த ஐந்தாம் நாள் அந்த அம்மாள் இறந்துபோனார். காய்ச்சல் கண்டது, உடம்பு தணலாய்க் கொதித்தது. வண்டி கட்டினால் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கலாம். ஆனால் அங்கே இருந்தவர் ஆண் மருத்துவர். "பிள்ளை பெற்ற பெண்ணை ஆம்பிளை டாக்டர் தொட்டுப் பார்க்கிறதா?" என்று வீட்டுப் பெரியவர்கள் மறுத்துவிட்டார்கள். ஊர் மருத்துவச்சி தெரிந்ததைச் செய்தாள். தெரியாததை எவ்வாறு செய்வாள்? இக்கதையைப் பாட்டி அழாமல்தான் சொல்வார். "அப்போ அப்படித்தாண்டி" என்று முடித்துவிடுவார். எனக்குத்தான் அந்த 'அப்படித்தான்' பொறுக்க முடியாமல் இருந்தது.

எங்கள் வீட்டில் அது நடப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தத் துயரத்தைக் கண்டு கவலைப்பட்டவர் பால்பர். ஆண் மருத்துவரை அண்டவிடாத வழக்கத்தால் இந்நாட்டுப் பெண்கள் மருத்துவ உதவியின்றி மாள்வதை அவர் கண்டார். கான்குவெஸ்ட் என்பவர் எழுதிய பேறுகால மருத்துவ நூலைத் தாமே இந்துஸ்தானியில் மொழிபெயர்த்தார். அதே நூலைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மொழிபெயர்க்கச் செய்து, தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். மருத்துவம் தமிழில் வர வேண்டும் என்று நாம் இன்றும் மேடைகளில் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர் பேசிக்கொண்டிராமல் கையிலிருந்த பணத்தை எடுத்து அச்சகத்துக்குக் கொடுத்தார்.

நூல் மட்டும் போதுமா? படித்த பெண் மருத்துவர்கள் வேண்டும். 1871-இல் சர்ஜன் ஜெனரலாக உயர்ந்தபின், பெண்களுக்கு மருத்துவக் கல்வி அளிக்க வேண்டும் என்பதை அவர் அரசுக்கு எடுத்துரைத்தார். 1835-இல் பள்ளியாகத் தொடங்கி 1850-இல் கல்லூரியாக வளர்ந்திருந்த சென்னை மருத்துவக் கல்லூரி, 1875-இல் நான்கு பெண்களை மாணவியராகச் சேர்த்துக்கொண்டது. நால்வரும் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சமூகத்தினரே. அவர்களில் ஒருவர் சென்னையில் வழக்கறிஞராக இருந்தவரின் மனைவி மேரி ஷார்லீப்.

இதன் அருமையை உணர, அதே காலத்தில் எடின்பரோவில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பால்பர் மருத்துவம் பயின்ற அதே நகரில் 1869-இல் சோபியா ஜெக்ஸ் பிளேக் முதலிய பெண்கள் மருத்துவம் பயில முன்வந்தனர். 1870-இல் அவர்கள் தேர்வு எழுதச் சென்றபோது அறுவை மருத்துவர் மண்டபத்தின் வாயிலில் ஒரு கூட்டம் அவர்களை மறித்துக் கலவரம் செய்தது. சேற்றை வாரி எறிந்தது. 1873-இல் பட்டம் வழங்கும் கடமை பல்கலைக்கழகத்துக்கு இல்லை என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது. எடின்பரோவில் சேறு விழுந்தது. ஐந்தே ஆண்டில் சென்னையில் கதவு திறந்தது. நம் தலைநகரத்துக்கு இது பெருமையல்லவா?

மேரி ஷார்லீப் 1878-இல் சென்னையில் படிப்பை முடித்து, இலண்டன் சென்று மேற்பட்டமும் பெற்றுத் திரும்பினார். ஆண் மருத்துவரிடம் செல்லாத பெண்களுக்கெனச் சென்னையில் 1885-இல் ஒரு மருத்துவமனை தோன்ற அவரே காரணம். கோஷா ஆஸ்பத்திரி என்று மக்கள் அழைத்த அதுவே இன்று திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி பெயரால் விளங்கும் மகப்பேறு மருத்துவமனை. அந்தக் கதவின் வழியாகத்தான் புதுக்கோட்டையிலிருந்து வந்த முத்துலட்சுமி அம்மையார் 1907-இல் நுழைந்து 1912-இல் மருத்துவராக வெளிவந்தார். சட்டமன்றத்தில் தேவதாசி முறையை எதிர்த்து முழங்கியதும், 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டதும் அவரே என்பதை நாம் அறிவோம்.

ஆயினும் சென்னையில் திறந்த கதவின் வெளிச்சம் எங்கள் தெருவுக்கு வந்து சேர எவ்வளவு காலம் ஆயிற்று! கல்லூரி பெண்ணைச் சேர்த்துக்கொண்ட பிறகும், வீடு பெண்ணை அனுப்ப வேண்டுமே. தமிழில் நூல் அச்சாகிவிட்ட பிறகும், மருத்துவச்சிக்கு எழுத்து தெரிய வேண்டுமே. பாட்டியின் தாயைக் கொன்றது காய்ச்சல் மட்டுமன்று. கதவு திறந்த செய்தி எங்கள் ஊர் வரை வராமற்போன இடைவெளியும்தான்.

அவர் யாருடைய ஊழியர்?

இதுவரை படித்தவர்கள், "ஒரு வெள்ளைக்கார அதிகாரிக்கு இவ்வளவு புகழ்மாலையா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் தோழி ஒருத்தி வகுப்பிலேயே கேட்டாள்.

பால்பர் கும்பினியின் ஊழியர். படைவீரன் நலமாக இருந்தால்தான் நாட்டை அடக்கி ஆள முடியும் என்பதனாலேயே கும்பினி சிப்பாய்களின் சாவைக் கணக்கிட்டது. எங்கள் நெசவாளர் சாவை அது அவ்வாறு கணக்கிடவில்லை. அருங்காட்சியகத்தில் கனிமங்களும் விளைபொருள்களும் வரிசையாக வைக்கப்பட்டதில் அறிவு வளர்க்கும் நோக்கமும் இருந்தது. எந்த மண்ணில் என்ன கிடைக்கும் என்று வணிகர் அறியும் நோக்கமும் இருந்தது. சேப்பாக்கம் அரண்மனையில் அரசின் பிரதிநிதியாக இருந்தவரும் பால்பரே. 1855-இல் நவாப் குலாம் கௌஸ் கான் பிள்ளையின்றி இறந்தபோது கும்பினி அப்பட்டத்தையே ஒழித்துவிட்டது. அதன்பின் நவாப்பின் கடன்களைத் தீர்க்கும் பொறுப்பாளராகவும் பால்பர் இருந்தார். காட்டைக் காக்க வந்த சட்டங்கள் காட்டையே நம்பி வாழ்ந்த மக்களின் உரிமையைப் பறித்ததும் வரலாறு. அவர் பணி நிறைவு பெற்று நாடு திரும்பிய 1876-ஆம் ஆண்டில்தான் தாது வருடப் பஞ்சம் தொடங்கிற்று. வறட்சியின் பின்னால் பஞ்சம் வரும் என்று 1849-இலேயே அவர் எழுதியிருந்தும், அவர் பணிசெய்த அரசு அந்தப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கான மக்களைக் காக்கத் தவறியது.

இவற்றையெல்லாம் ஒரு தட்டில் வைப்போம். மறு தட்டில், எவரும் கட்டளையிடாமல் தம் கைப்பணத்தில் அவர் அச்சிட்ட தமிழ் நூலை வைப்போம். அது அவருடைய உத்தியோகக் கடமையன்று. அதனால் கும்பினிக்கு இலாபமும் இல்லை. ஒரு மனிதர் எந்தக் கொடியின் கீழ் வேலை செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும்; அந்தக் கொடி கேட்காத வேலைகளில் எவற்றைச் செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். இவ்விரண்டில் எதை மறைத்தாலும் வரலாறு கோணிப்போகும். தோழியிடம் நான் சொன்ன விடை இதுதான். அவள் முழுதும் ஒப்பவில்லை. அதுவும் நல்லதே.

முடிவுரை

பால்பர் 1889-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் இலண்டனில் காலமானார். ஈராண்டு கழித்து, மருத்துவம் பயிலும் பெண்களை ஊக்குவிக்கும் பொருட்டுச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரால் ஒரு தங்கப் பதக்கம் நிறுவப்பட்டது. அருங்காட்சியகமும் விலங்குக் காட்சிசாலையும் கண்டவருக்கு, பெண்கல்வியின் பெயரால் அமைந்த இந்நினைவே மிகப் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இக்கட்டுரையை எழுதி முடித்ததும் பாட்டிக்குப் படித்துக் காட்டினேன். புலி வந்த பகுதியைக் கேட்டுச் சிரித்தார். பேறுகால நூலைத் தமிழில் அச்சிட்ட பகுதி வந்தபோது கையிலிருந்த நூல்கண்டைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொஸ்தகம் நம்ம ஊருக்கு வந்துச்சாடி?" என்று கேட்டார். "தெரியலை பாட்டி" என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீயாவது படிச்சதைக் கொண்டாந்து நாலு பேருக்குச் சொல்லு" என்றார்.

தோழியரே, நாம் படிக்கும் கல்லூரிக்கும் நம் ஊர்த் தெருவுக்கும் இடையே நாள்தோறும் பேருந்தில் போய் வருகிறவர்கள் நாம். நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நூல் கடக்க முடியாமல் நின்ற தொலைவை நாம் காலையும் மாலையும் கடக்கிறோம். வகுப்பில் கேட்டதை வீட்டுத் திண்ணையில் சொல்வதற்கு நமக்குப் பதவி எதுவும் வேண்டியதில்லை. பாட்டி சொன்னபடி, கேட்டதைக் கொண்டுபோய் நான்கு பேருக்குச் சொல்வோம்.